பெனின்னாள்: முத்தோ, பவளமோ?

வேதாகமத்தில் பெனின்னாள் என்று ஒருத்தி வருகிறாள். வந்த வேகத்தில் போயும் விடுகிறாள். சாமுவேலின் முதல் புத்தகத்தைத் திறந்தால் முதல் அதிகாரத்திலேயே எல்க்கானா என்பவனின் குடும்பம். அவனுக்கு இரண்டு மனைவிகள், அன்னாள், பெனின்னாள். பெனின்னாளுக்கு ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. ஆண்டுதோறும் சீலோவுக்குப் பலிசெலுத்தப் போகும்போதெல்லாம் பிள்ளைக்காரி பிள்ளையில்லாதவளைக் குத்திக் காட்டுவாள். அன்னாள் அழுதுகொண்டு சாப்பிடாமல் கிடப்பாள். சக்களத்திச் சண்டை என்று நம்மூரில் சொல்வதற்கு இதைவிடச் சுருக்கமான சித்திரம் கிடைக்காது.

பிறகு நடந்தது ஞாயிறு பள்ளிக்குப் போன எல்லாருக்கும் தெரியும். அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய, சத்தமில்லாமல் ஜெபிக்கிறாள். குடித்திருக்கிறாள் என்று நினைத்து ஆசாரியன் ஏலி அதட்டுகிறான். அவள் பதில் சொல்கிறாள். சாமுவேல் பிறக்கிறான். அவள் பாடிய பாட்டின் சாயல் பல நூற்றாண்டு கழித்து லூக்கா எழுதிய மரியாளின் பாட்டில் தெரிகிறது. பெனின்னாள் என்ன ஆனாள்? எழுதியவருக்கு அக்கறையில்லை.

தென்பாண்டிக் கிறிஸ்தவ வீடுகளில் அன்னாள், அன்னம்மாள், அன்னமேரி என்று பெயர்கள் ஏராளம். அன்னாள் என்பதற்கு எபிரேயத்தில் கிருபை என்று பொருள். நம் ‘அன்னை’யோடு ஓசைதான் ஒத்துப்போகிறது, உறவு இல்லை. பெனின்னாள் என்று பெயர் வைத்த வீடு அபூர்வம். வாயாடிச் சக்களத்தியின் பெயரைப் பெண்ணுக்கு யார் வைப்பார்கள்? ஆனால் முத்துநகர் என்று தன்னை அழைத்துக்கொண்டு, சென்னைக்குப் போகிற ரயிலுக்கும் முத்துநகர் என்றே பெயர் வைத்திருக்கிற தூத்துக்குடியில் இந்தப் பெயருக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கலாம். பெனின்னாள் என்றால் முத்து என்று சொல்கிறவர்கள் உண்டு. பவளம் என்று சொல்கிறவர்களும் உண்டு.

எபிரேயத்தில் ‘பெனினீம்’ என்பது பன்மைச் சொல். பெனின்னாள் இதனோடு சேர்ந்த பெயர் என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். பழைய ஏற்பாட்டில் இந்தச் சொல் வருகிற இடங்கள் மொத்தம் ஆறு. யோபு 28-இலும் நீதிமொழிகள் 3, 8 அதிகாரங்களிலும் ஞானம் பெனினீமைவிட உயர்ந்தது என்று வருகிறது. நீதிமொழிகள் 20-இல் பொன்னும் பெனினீமும் கிடக்கட்டும், அறிவு பேசும் உதடுதான் நகை என்கிற பொருளில். ஐந்தாவது இடம் நீதிமொழிகள் 31:10. அங்கே தட்டின் மறுபக்கம் ஞானம் இல்லை, ஒரு பெண் இருக்கிறாள். அந்தக் காலத்து மனிதன் எண்ணக்கூடிய அதிகபட்ச விலையைச் சொல்லி, அதற்கும் மேலே என்று வைத்தது ஞானத்தையும் பெண்ணையும்.

ஆறாவது இடம்தான் குழப்பம். புலம்பல் 4:7-இல் எருசலேமின் பெருங்குடி மக்களுடைய மேனி பெனினீமைவிடச் சிவப்பாக இருந்தது என்று வருகிறது. முத்து சிவக்காது. ஆகவே அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ‘பவளம்’ என்று போட்டுவிட்டு, மற்ற இடங்களில் ‘முத்து’ என்று வைத்துக்கொண்டார்கள். ஒரே சொல், இரண்டு சரக்கு.

தமிழுக்கு முத்து எப்படி வந்தது? சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்து, பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்து 1719-இல் இறந்தார். விட்ட இடத்திலிருந்து முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்ஸ். பிறகு திருத்தியவர் பப்ரிசியுஸ். மூவரும் ஜெர்மானியர்கள், லூத்தரின் பைபிளைக் கேட்டு வளர்ந்தவர்கள். லூத்தர் நீதிமொழிகள் 31:10-இல் வைத்திருந்தது முத்துதான். அதே வசனத்தை 1611-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் மாணிக்கம் ஆக்கினார்கள். கிரேக்கத்தில் வெறுமனே விலையுயர்ந்த கற்கள். தூத்துக்குடிக்காரர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது லத்தீனை. ஜெரோம் அந்தச் சொல்லை வேறு மாதிரி வாசித்து, அவளுடைய விலை தூரத்திலிருந்து, உலகத்தின் கடைக்கோடியிலிருந்து வருவது என்று எழுதிவிட்டார். கல்லும் இல்லை, முத்தும் இல்லை. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரும், அவருக்குப் பின் புன்னைக்காயலில் தமிழ் கற்று 1586-இல் ‘அடியார் வரலாறு’ அச்சிட்ட அன்றிக் அடிகளும் வாசித்தது இந்த லத்தீனைத்தான். உலகத்தின் கடைக்கோடிக்கே வந்து முத்துக்குளிக்கிறவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தவர்கள் கையில் இருந்த பைபிளில், அந்த வசனத்தில் முத்து இல்லை!

இன்றைக்கு வேடிக்கை வேறு வகை. 1995-இல் வந்த திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு, அதே இடத்தில் பவளம் என்கிறது. கத்தோலிக்கக் கோயில்களில் வாசிப்பது அது. சி.எஸ்.ஐ. சபைகளில் வாசிப்பது பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பு, அதாவது முத்து. ஆக வேம்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று தலைமுறை தலைமுறையாக முத்துக்குளித்த கடற்கரையில் பெண்ணின் விலை பவளத்தோடு ஒப்பிடப்படுகிறது. பனையேறிப் பிழைத்த நாசரேத், மெஞ்ஞானபுரம் தேரிக்காட்டுப் பக்கம் முத்தோடு ஒப்பிடப்படுகிறது.

முத்தா மாணிக்கமா என்ற கேள்வி தமிழனுக்குப் புதிதல்ல. ஒரு பாண்டியனே அதில் விழுந்தான். தேவியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். உடைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட நேரத்தில் கோவலன் இல்லை. அதற்குப் பின் அந்தப் பத்தினிக்குப் பலிகொடுத்துச் சாந்தி செய்தவனாகச் சிலப்பதிகாரம் சொல்கிற வெற்றிவேற்செழியன் இருந்தது கொற்கையில். கொற்கை இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் கடலைவிட்டு உள்ளே தள்ளிப்போய்விட்ட சிற்றூர். முத்துத் துறையாக அதன் பெயரைக் கிரேக்க மாலுமி ஒருவன் முதல் நூற்றாண்டுப் பயணக் குறிப்பிலும் எழுதிவைத்திருக்கிறான். மரண தண்டனைக் கைதிகளை அங்கே குளிக்க விட்டார்கள் என்பது அவன் தகவல்.

அதே நூற்றாண்டில் ரோமாபுரியில் பிளினி ஒரு விஷயத்தைக் கவனித்தார். நம்மவர்கள் இந்திய முத்துக்கு எவ்வளவு ஆசைப்படுகிறார்களோ அவ்வளவு இந்தியர்கள் நம் பவளத்துக்கு ஆசைப்படுகிறார்கள் என்று. உண்மைதான். நகைக்கு ஆகும் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலில் விளைவது; மன்னார் வளைகுடாவில் உள்ள பவளப் பாறை அந்த ஜாதி அல்ல. அங்கிருந்து பவளம் இங்கே கப்பலேறிற்று, இங்கிருந்து முத்து அங்கே போயிற்று. பெனினீம் முத்தா பவளமா என்று எபிரேயப் பண்டிதர்கள் அடித்துக்கொள்வதைவிட, இரண்டும் ஒரே கடல்வழியில் எதிரெதிராகப் போன சரக்கு என்று பார்ப்பது எனக்கு உவப்பாக இருக்கிறது. எது அரிதோ அது விலை. அருமை என்கிற சொல்லிலேயே நாம் இதை வைத்திருக்கிறோம்.

சரி, அந்த விலையை எப்படிப் போட்டார்கள்? இந்தக் கரையில் முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். கடலடியில் சிப்பி படிகிற பாறைத் திட்டுக்குப் பார். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்குக் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு நிமிடத்துக்கு முன்பின்னாக மூச்சடக்கி, வலைப்பையில் சிப்பியை அள்ளி, கயிற்றை அசைத்தால் மேலே இருக்கிறவன் இழுப்பான். அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருப்பான் என்று இங்கே இன்றைக்கும் சொல்வார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலியறுப்பதை அவன் விரும்பமாட்டான் அல்லவா? கடலுக்கே போகாத பெண்ணின் பேரில் கடலில் ஒரு நம்பிக்கை.

எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவனுக்கு, மற்றது சர்க்காருக்கு. முத்தைப் பிரித்தபின் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். பெட்டி என்று அவற்றுக்குப் பெயர். இருபது கண் உள்ளதிலிருந்து ஆயிரம் கண் உள்ளது வரை பத்துப் பெட்டிகள், ஒன்றைவிட ஒன்று பொடிக்கண். பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி, வடிவு, மடங்கு, குறுவல், தூள் என்று தரம். பிறகு மஞ்சாடிக் கணக்கில் எடை. முத்து வியாபாரத்தில் எடை இரண்டு மடங்கானால் விலை நான்கு மடங்கு. பெரிதாக ஆக அரிதாகிறது என்பதால். இவ்வளவு நுணுக்கமாக ஒரு பொருளை நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவர்களிடம் போய், இதற்கெல்லாம் மேலே என்று ஒருத்தியைச் சொன்னால், அது வெறும் வர்ணனையாகக் காதில் விழாது. கணக்குத் தெரிந்தவனுக்குத்தான் அந்த வசனத்தின் கனம் தெரியும்.

ஆனால் அந்த ஒருத்தி யார்? முத்தைப் பற்றி இவ்வளவு பேசினோம், அவளைப் பற்றி வசனம் சொல்வதை விட்டுவிட்டோம். பிரசங்கங்களிலும் இதே கதைதான். பழைய தமிழ் பைபிள் அவளைக் ‘குணசாலி’ என்கிறது. எபிரேயத்தில் இருப்பது ‘ஹயில்’. படை, பலம், ஆற்றல், சொத்து எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். இதே சொல்லோடு ஆண்பிள்ளை வந்தால் நம் மொழிபெயர்ப்பு பராக்கிரமசாலி என்கிறது. நியாயாதிபதிகள் 6-இல் கிதியோனை அப்படித்தான் தூதன் அழைக்கிறான். ரூத்தைப் போவாஸ் அதே ஹயிலால் பாராட்டும்போது அவள் குணசாலி ஆகிவிடுகிறாள். அவனுக்குப் பராக்கிரமம், அவளுக்குக் குணம். மொழிபெயர்த்தவர்களைத் திட்ட மனமில்லை. பெண்ணைப் பாராட்ட அன்று கையில் இருந்த சொல் அதுதான். ஆனால் குணம் என்றதும் அடக்கம், பொறுமை, குரல் உயர்த்தாமை என்று நம் வீடுகளில் ஒரு பட்டியல் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. 1995-இன் மொழிபெயர்ப்பு திறமை வாய்ந்தவள் என்று மாற்றியதில் முத்து பவளமானது எனக்குப் பெரிதாகப் படவில்லை. குணம் திறமையானதுதான் சேதி.

அதிகாரத்தைத் தொடர்ந்து வாசித்தால் அது எவ்வளவு சரி என்று தெரியும். அவள் ஆட்டுமயிரையும் சணலையும் தேடி வாங்குகிறாள். வயலை விசாரித்து விலை பேசி வாங்குகிறாள். திராட்சைத் தோட்டம் போடுகிறாள். துணி நெய்து வியாபாரிகளுக்கு விற்கிறாள். இராத்திரி விளக்கு அணையவில்லை. ஏழைக்குக் கை நீட்டுகிறாள். தூரத்திலிருந்து ஆகாரம் கொண்டுவரும் வியாபாரக் கப்பலுக்கு அவளை ஒப்பிடுகிறது பாட்டு. தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போய்த் திரும்பிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமையை விளக்க வேண்டாம். புருஷன் என்ன செய்கிறான்? ஊர் வாசலில் பெரியவர்களோடு உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான்.

அவளைப் பற்றிய இந்த இருபத்திரண்டு வசனங்களும் எபிரேய நெடுங்கணக்கின் இருபத்திரண்டு எழுத்துகளில் வரிசையாகத் தொடங்குகின்றன. ஆத்திசூடி மனப்பாடம் ஆனவர்களுக்கு இந்த உத்தி பழக்கம். இன்னொன்று, அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே இருந்தும் கவனிக்கப்படாதது: இது லேமுவேல் என்கிற ராஜாவுக்கு அவன் தாய் உபதேசித்தது. மகனை உட்காரவைத்து, குடித்துவிட்டு நியாயத்தைப் புரட்டாதே, வாயில்லாதவனுக்காக வாயைத் திற என்றெல்லாம் சொன்ன ஒரு தாயின் பெயரில்தான் இந்த அதிகாரம் தொடங்குகிறது. தாய்மை இந்த அதிகாரத்தில் முதலில் வருவது ஆசிரியையாக. பிறகு, பிள்ளைகள் எழுந்து அவளைப் பாராட்டுவார்கள் என்று இருபத்தெட்டாம் வசனத்தில் பாதி. எத்தனை பெற்றாள் என்ற கணக்கு எங்கேயும் இல்லை.

பெனின்னாளிடம் அந்தக் கணக்கு இருந்தது. அவள் பேச்சுக்கு ஆதாரமே அதுதான். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தையைக்கூட வேதாகமம் பதிந்துவைக்கவில்லை. குத்திக் காட்டினாள் என்ற தகவல் மட்டும். எல்க்கானா அன்னாளைப் பார்த்து, பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் அல்லவா என்று கேட்கிறான். பிள்ளையில்லாதவளின் புருஷன் கேட்கக்கூடிய நல்ல கேள்வி அது. பெண்ணின் துக்கம் புரியாதவன் கேட்கக்கூடிய கேள்வியும் அதுவே. பிள்ளை பிறந்தபின்தான் அன்னாளுக்கு மதிப்பு வந்தது என்று கதையை வாசிக்கிறவர்கள் உண்டு. அப்படியானால் ஏலியின் முன்னால் நின்று, நான் குடித்தவள் அல்ல, மனங்கசந்தவள் என்று நிமிர்ந்து சொன்னபோது அவள் வயிறு காலியாகத்தானே இருந்தது? அந்தப் பதிலைக் கேட்டுத்தான் ஆசாரியன் தன் வார்த்தையை மாற்றிக்கொண்டான்.

புதிய ஏற்பாட்டிலும் இதே கணக்கு ஒருமுறை பேசப்படுகிறது. கூட்டத்திலிருந்து ஒரு பெண், உன்னைச் சுமந்த வயிறு பாக்கியமுள்ளது என்கிற பொருளில் இயேசுவைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள் (லூக்கா 11). மாதா பக்தி மிகுந்த இந்தக் கரையில் யாரும் அதைத்தான் சொல்வார்கள். அவர் அதை மறுக்கவில்லை, ஆனால் அதோடு விடவும் இல்லை. கேட்டு நடக்கிறவர்கள் அதைவிடப் பாக்கியவான்கள் என்கிறார். மரியாளின் பெருமை வயிற்றோடு முடிகிறதில்லை என்று கத்தோலிக்கக் குருக்கள் இதை விளக்குவார்கள், சரியாகவே.

எல்லாவற்றிலும் தொல்லை கொடுக்கிற இடம் 1 தீமோத்தேயு 2. பெண்கள் பொன்னாலும் முத்தாலும் தங்களை அலங்கரிக்க வேண்டாம் என்று தொடங்கி, பிள்ளைப்பேற்றினாலே இரட்சிப்பு என்பதுபோல் முடிகிறது. முத்தும் தாய்மையும் ஒரே பத்தியில். இங்கே கிரேக்கச் சொல் ‘மார்கரீத்தேஸ்’, சந்தேகமில்லாமல் முத்து. நம் பெண்கள் பலருக்கு இருக்கிற மார்கரெட் என்ற பெயரும் அதுவே. அவர்கள் எல்லாரும் தெரியாமலேயே முத்தம்மாள்கள். அன்றைய ரோம உலகத்தில் முத்து யார் கழுத்தில் இருந்தது? லோலியா பவுலினா என்பவள் ஒரு சாதாரண விருந்துக்கு முத்தும் மரகதமுமாக நான்கு கோடி செஸ்டர்ஸ் பெறுமான நகையோடு வந்ததைப் பிளினி எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட பெருஞ்செல்வப் பெண்களுக்குச் சொன்னதை, காதில் ஒரு கம்மலுக்கே வழியில்லாதவளிடம் சொல்வதில் அர்த்தமில்லை.

பிள்ளைப்பேறு பற்றிய வரி இன்னும் சிக்கல். பிள்ளை பெறாவிட்டால் மோட்சமில்லையோ என்று பயந்தவர்கள் உண்டு. பவுல் கலியாணமாகாமல் இருப்பதையே மேலாக எழுதியவர் (1 கொரிந்தியர் 7). கன்னியர் மடத்தில் பிள்ளையில்லாத பெண்ணைத்தான் நாம் ‘மதர்’ என்று கூப்பிடுகிறோம். கிரேக்கத்தில் அந்தப் பிள்ளைப்பேற்றுக்கு முன்னால் ‘அந்த’ என்று சுட்டுகிறாற்போல ஒரு சொல் இருக்கிறது. ஆகவே அது மேசியாவின் பிறப்பைக் குறிக்கிறது என்று வாசிக்கிறவர்கள் உண்டு. ‘அவள்’ என்று ஒருமையில் தொடங்கி ‘அவர்கள் நிலைத்திருந்தால்’ என்று பன்மைக்கு வாக்கியம் தாவுவதையும் அவர்கள் காட்டுவார்கள். தமிழில் ‘நிலைகொண்டிருந்தால்’ என்று போட்டதில் அந்தத் தாவல் மறைந்துபோயிற்று. எனக்குச் சரியாகப் படுவது சூழலைப் பார்க்கிற வாசிப்பு. கடிதம் போனது எபேசுவுக்கு. கலியாணம் செய்யாதே என்று போதிக்கிற கூட்டம் அங்கே இருந்ததாக அதே கடிதத்தின் நான்காம் அதிகாரம் சொல்கிறது. பிரசவ வேதனைக்குத் துணை என்று பெண்கள் நம்பிய ஆர்த்தெமிஸின் பெருங்கோயிலும் அந்த ஊரில்தான். அந்த ஊரில், தாயாகிறதால் உன் இரட்சிப்பு கெடாது என்று சொன்னால் அது ஆறுதல். ஊரை மாற்றிச் சொன்னால் சட்டம் ஆகிவிடுகிறது.

எபேசுவுக்கு நம் ஊரோடு ஒரு தொடர்பும் உண்டு. 431-இல் அங்கே கூடிய சங்கம்தான் மரியாளைக் கடவுளின் தாய் என்று அழைக்கலாம் என்பதை உறுதிசெய்தது. அதை ஒட்டி ரோமாபுரியில் எழுந்த பெரிய மரியன்னை கோயிலின் ஆகஸ்ட் 5 திருநாளே, கோடையில் பனி பெய்த கதையோடு, தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழாவாக இருக்கிறது. ‘தஸ்நேவிஸ் மாதா’ என்று போர்த்துக்கீசிய வால் ஒட்டிய பெயரைப் பெரியவர்கள் இன்னும் விடவில்லை.

இந்தக் கடலில் கடைசியாகச் சர்க்கார் சலாபம் நடந்தது 1961-இல். 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவை வைத்து வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். இன்று கடைத்தெருவில் முத்துமாலை கைக்கெட்டும் விலைக்குக் கிடைக்கிறது. உவமைக்கு வந்த பொருள் மலிந்துவிட்டது. உவமிக்கப்பட்டவள் உப்பளத்தில் கண் கூசும் வெயிலில் உப்பு வாருகிறாள், மீன்கூடையோடு பஸ் ஏறுகிறாள், மழைக்காலத்தில் அள வேலை இல்லாமல் இருக்கிறாள். நீதிமொழிகள் 31-இன் கடைசி வசனம் அவளை நோக்கியது அல்ல, மற்றவர்களை நோக்கியது. அவள் கையின் பலனை அவளுக்குக் கொடுங்கள் என்ற கட்டளை. அதுவும் ஊர் வாசலில், வழக்கும் வரவுசெலவும் தீர்க்கிற இடத்தில். அவளைப் பற்றிய பாட்டின் முதல் வசனத்தைக் கலியாண வீட்டிலும் அடக்க ஆராதனையிலும் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். கடைசி வசனத்தைக் கூலி பேசுகிற இடத்தில் யாரும் வாசித்துக் கேட்டதில்லை.